அலிசன் ஃபெலிக்ஸ்: 11 ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீராங்கனை ஸ்பான்சரோடு மோதியது ஏன்?

ஒலிம்பிக் தடகளத்தில் அதிகப் பதக்கம் வென்ற பெண் யார்? அமெரிக்காவின் அலிசன் ஃபெலிக்ஸ்தான். 5 ஒலிம்பிக், 11 பதக்கம். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால்கூட தடகளத்தில் இவருக்கு முன்னால் இருப்பது ஒரே ஒருவர்: 12 பதக்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மி.

இவ்வளவு வென்றவருக்கே, குழந்தை பெற்றுக்கொள்ள முடிவு செய்தபோது வருமானம் கேள்விக்குறியானது. என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஃபெலிக்ஸ்?

1985 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பள்ளியில் ஒல்லியான கால்களைப் பார்த்து சக வீராங்கனைகள் வைத்த பட்டப்பெயர் 'கோழிக்கால்'. அந்தக் கால்களோடு 18 வயதில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெள்ளி வென்றார். தங்கம் ஜமைக்காவின் வெரோனிகா கேம்பெலுக்குப் போனது.

2008 பெய்ஜிங்கிலும் அதே கதைதான். கேம்பெல் தங்கம், ஃபெலிக்ஸ் வெள்ளி. இடையில் 2005, 2007, 2009 என மூன்று உலக சாம்பியன்ஷிப்பில் 200 மீட்டர் தங்கம் வென்றவர் ஃபெலிக்ஸ். ஆனாலும் ஒலிம்பிக் தனிநபர் தங்கத்துக்கு 8 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 லண்டனில் 21.88 விநாடியில் ஓடி அதை வென்றார்.

7 தங்கத்தில் 6 தொடர் ஓட்டத்தில்!

ஃபெலிக்ஸின் பதக்கக் கணக்கு இது:

• ஒலிம்பிக்: 7 தங்கம், 3 வெள்ளி, 1 வெண்கலம்
• உலக சாம்பியன்ஷிப்: 14 தங்கம், 3 வெள்ளி, 3 வெண்கலம்

ஒலிம்பிக் தங்கம் ஏழில் தனியாக ஓடி வென்றது லண்டன் 200 மீட்டர் மட்டும்தான். மீதி ஆறும் தொடர் ஓட்டத்தில் வந்தவை. அப்படின்னா அது சுலபமான தங்கமா? இல்லை. 4×100 மீட்டரில் பேட்டனைக் குறிப்பிட்ட எல்லைக்குள் கை மாற்ற வேண்டும். கொடுப்பவர் முழு வேகத்தில் வருவார், வாங்குபவர் திரும்பிப் பார்க்காமலே ஓடத் தொடங்கியிருப்பார். நொடியில் ஒரு பங்கு தவறினாலும் நாலு பேரின் உழைப்பும் போச்சு.

சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஒரு சாட்சி. மேடிசன், ஃபெலிக்ஸ், நைட், ஜெட்டர் நால்வரும் 40.82 விநாடியில் ஓடி, கிழக்கு ஜெர்மனி 1985-ல் படைத்த உலக சாதனையை முறியடித்தார்கள்.

ரியோவில் விழுந்த பேட்டன்

2016 ரியோவில் நேர் எதிராக நடந்தது. தகுதிச் சுற்றில் ஃபெலிக்ஸ் பேட்டனைக் கொடுக்கப் போன நேரத்தில் பக்கத்துத் தடத்தில் ஓடிய பிரேசில் வீராங்கனை இடிக்க, பேட்டன் கீழே விழுந்தது. போட்டி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபெலிக்ஸ் அதை எடுத்து இங்கிலிஷ் கார்ட்னரிடம் கொடுத்து, ஓட்டத்தை முடிக்கச் சொன்னார். முடித்தால்தான் முறையீடு செய்ய வழி இருக்கும் என்பது அவர் கணக்கு.

முறையீடு ஏற்கப்பட்டது. அன்று மாலை வேறு அணியே இல்லாத மைதானத்தில் நால்வரும் தனியாக ஓடி 41.77 விநாடியில் தகுதி பெற்றார்கள். இறுதிப் போட்டியில் தங்கமும் வென்றார்கள்.

32-வது வாரத்தில் பிரசவம்

2018 நவம்பரில் வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போன ஃபெலிக்ஸுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா தீவிரமாக இருப்பது தெரிந்தது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் பிரச்சினை இது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், தாய், குழந்தை இருவர் உயிருக்குமே ஆபத்து. அவசர சிசேரியன் மூலம் 32-வது வாரத்திலேயே மகள் பிறந்தார். சில வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டியிருந்தது.

நைக்கியுடன் என்ன பிரச்சினை?

தடகள வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ஷூ நிறுவனங்களின் ஒப்பந்தப் பணம்தான் வருமானம். சரியாக ஓடாவிட்டால் பணத்தைக் குறைக்கும் நிபந்தனைகளும் அதில் இருப்பதுண்டு.

ஃபெலிக்ஸின் நைக்கி ஒப்பந்தம் 2017 இறுதியில் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் முன்பைவிட 70% குறைவாகத் தர நிறுவனம் முன்வந்ததாக அவர் 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் சிறப்பாக ஓடாவிட்டால் தண்டிக்கக் கூடாது என்று எழுதித் தரக் கேட்டார், நைக்கி மறுத்துவிட்டது என்பது அவர் சொன்ன குற்றச்சாட்டு.

அவருக்கு முன்பே அலிசியா மொன்டானோ, காரா கௌச்சர் ஆகிய வீராங்கனைகளும் இதேபோல் பேசியிருந்தார்கள். விவகாரம் பெரிதானதும் 2019 ஆகஸ்ட்டில் நைக்கி கொள்கையை மாற்றியது. கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குச் செயல்பாட்டைக் காரணம் காட்டிப் பணத்தைக் குறைப்பதில்லை என்று அறிவித்தது.

திரும்பி வந்து ஓடினாரா?

ஓடினார். பிரசவமாகி 10 மாதத்தில் 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் தங்கம். அது அவரது 12-வது உலகத் தங்கம், உசைன் போல்ட்டின் 11 தங்கத்தைத் தாண்டிய தருணம்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 35 வயது. சொந்தமாகத் தொடங்கிய 'சேஷ்' நிறுவனத்தின் ஷூவைப் போட்டுக்கொண்டு 400 மீட்டரில் வெண்கலம், 4×400 மீட்டரில் தங்கம். கார்ல் லூயிஸின் 10 பதக்கத்தையும் தாண்டினார். 2022-ல் ஓய்வு பெற்றார்.

ரியோ அணியில் மூன்று பேர்

ரியோவில் கடைசிக் கட்டம் ஓடித் தங்கத்தை உறுதி செய்தவர் டோரி போவி. 2023 மே மாதம் அவர் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 32, எட்டு மாத கர்ப்பிணி. எக்லாம்ப்சியா ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. அதே அணியின் முதல் கட்ட வீராங்கனை டியானா பார்டொலெட்டாவும் பிரசவத்தில் உயிர் பிழைத்தவர்.

அதாவது ஒரே தங்க அணியின் நாலு பேரில் மூன்று பேருக்குப் பிரசவம் உயிருக்கு ஆபத்தாக முடிந்திருக்கிறது. மூவருமே கறுப்பினப் பெண்கள். அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிட கறுப்பினப் பெண்களின் பிரசவகால மரண விகிதம் பல ஆண்டுகளாகவே மிக அதிகம். உலகின் மிகச் சிறந்த உடற்தகுதி, பணம், புகழ் எல்லாம் இருந்தும் தப்ப முடியவில்லை என்றால் சாதாரணப் பெண்களின் நிலை என்ன என்பதுதான் ஃபெலிக்ஸ் தொடர்ந்து எழுப்பும் கேள்வி.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர்கள் கிராமத்திலேயே குழந்தைகளுக்கான இடம் அமைய முன்னின்றவரும் அவர்தான். அதே ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் ஆணையத்துக்கு சக வீரர்களின் வாக்குகளால் தேர்வானார்.