புள்ளலூர் புகட்டும் பாடம்

காஞ்சி என்றதும் பட்டு என்பர், கோபுரம் என்பர். நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கல் தொலைவிலுள்ள புள்ளலூரை எண்ணுவோர் எத்தனை பேர்? 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஆங்கிலக் கும்பினியின் ஆணவம் மண்ணைக் கவ்விய இடம் அது! வகுப்பில் நாம் இதைச் சொன்னபோது, "ஐதர் அலிக்கு அன்று நல்ல நேரம்" என்றான் ஒரு மாணவன். நேரமா வென்றது? பார்ப்போம்.

காஞ்சியில் 5,000 பேருக்கு மேற்பட்ட படையோடு மன்றோ. 1764இல் பக்சார் போரில் வாகை சூடியவர்! குண்டூரிலிருந்து மற்றொரு படையோடு வந்துகொண்டிருந்தார் பெய்லி. இரு படையும் இணைந்தால் ஐதருக்கு இடர். எழுதப் படிக்க அறியாத அந்த ஐதர் என்ன செய்தார்? மன்றோவின் கண்ணெதிரே பாளையம் இறங்கினார். மகன் திப்புவை ஏவிப் பெய்லியை வழிமறித்தார். பின்னர் ஓர் இரவில், ஓசையின்றிப் பெரும்படையைப் பெய்லியின்பால் திருப்பினார்.

பெய்லியோ, இரவோடிரவாகக் காஞ்சி சேராமல் நடுவழியில் தங்கினார். கோயிலில் குவித்த உணவுப்பொருளைவிட்டு நகர மனமின்றி இருந்த மன்றோ, காலையில் கிளம்பினார், காலம் கடந்துவிட்டது. மைசூர்ப் படையின் தாக்குதலில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின.

பெய்லியின் வீரர்க்கு உறுதி இல்லையா? இருந்தது! பாய்ந்து வந்த குதிரைப்படையை மீண்டும் மீண்டும் விரட்டினர். அவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். தலைவர்களிடம் கற்பனை இல்லை; தொண்டர்களின் உறுதி பாழாயிற்று.

ஐதர் மட்டும் முழு வெற்றி கண்டாரா? பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கி ஓடினார் மன்றோ. அவரை முழுமூச்சோடு துரத்தி முடிக்காமல், ஆர்க்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார் ஐதர். கும்பினி மூச்சுவிட்டது, புதுப் படை திரட்டியது. 1781 ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் அயர் கூட்டிடம் ஐதர் தோற்றார். வகுத்தவர் தொடக்கத்தில் காட்டிய கூர்மை, முடிவுவரை தொடரவில்லை.

ஆக, வென்றதும் நேரமன்று, வீழ்த்தியதும் விதியன்று. எதிரி அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டிக் காணும் கற்பனை. தொட்டதை முடிக்கும் உறுதி. ஒன்று குறைந்தாலும் தோல்விதான். மாற்றார் கூடாரத்துக்கு மட்டுமன்று, மன்றம் அமைத்து மடமையை எதிர்க்கப் புறப்படும் நமக்கும் இதுவே பாடம்.

பாவு மட்டும் பட்டாகாது, ஊடையும் ஓட வேண்டும். காஞ்சியின் தறியாளரைக் கேளுங்கள், சொல்வார்கள்!