கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்

பெரியாழ்வாரை நாம் பெரும்பாலும் தொட்டிலோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். கண்ணனைக் குளிப்பாட்டி, காது குத்தி, பூச்சூட்டிப் பாடியவர், பிள்ளைத்தமிழ் என்ற வகைமைக்கே வித்திட்டவர், ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பூக்கொய்தவர், கோதையின் தந்தை. இந்தச் சித்திரம் அழகானது என்பதாலேயே அவருடைய திருமொழியின் நான்காம் பத்தைப் பலரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அப்பத்தின் ஐந்தாம் திருமொழி முழுக்க முழுக்க மரணப் படுக்கையைப் பற்றியது. அதில் பக்தியின் அழைப்பு உண்டு. ஆனால் அந்த அழைப்புக்கு முன்னால் ஆழ்வார் வைக்கும் காட்சிகளைத்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன்.

ஒரு பாசுரத்தில் சீழ் பிடித்த புண். அதன்மேல் ஈ மொய்த்து, புழு வைத்து அரிக்க, மயங்கிக் கிடக்கும் உடல். அடுத்த பாசுரத்தில் கட்டிலைச் சுற்றி உறவினர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது வலிக்கிறதா என்றல்ல. எங்காவது பொருளை மறந்துபோய் வைத்திருந்தால் சொல், சொல் என்று கேட்கிறார்கள். கிடப்பவருக்கோ வாய் திறக்கவில்லை. எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் ஒரு வீட்டின் உள்ளறை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் நம்மிடம் அதிகம் இல்லை. ஆவணம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். படுக்கைப் புண்ணைப் பார்க்காதவர் அந்த முதற்காட்சியை எழுதியிருக்க முடியாது.

இன்றைய வலி தணிப்பு மருத்துவத்தில் ஒரு நிலையத்தை மதிப்பிட வருகிறவர் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று நோயாளியின் முதுகு. இடுப்பெலும்பின் கீழ், குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா, உரிந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். படுக்கைப் புண் எல்லா நேரமும் கவனக்குறைவின் அடையாளம் அல்ல. வாழ்வின் இறுதி நாட்களில் தோலும் தோற்றுப்போகும். ஆனால் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் இருந்தாரா இல்லையா என்பதைத் தோல் சொல்லிவிடும், பதிவேடு சொல்லாவிட்டாலும். புழு வைத்த புண்ணுக்கு டர்பன்டைன் எண்ணெயும், நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதும் நம் நாட்டு வீட்டுப் பராமரிப்பில் எல்லோரும் அறிந்த எளிய வழிகள். சில ரூபாய்ச் செலவு. மீதமெல்லாம் கட்டுத்துணிதான். அந்தக் கட்டுத்துணி எங்கே நெய்யப்படுகிறது என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிதான் முதலில் சொல்லப்படும். அங்கே விசைத்தறிகள் பாண்டேஜ் துணியாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இந்த வட்டாரத்தின் கதையே பஞ்சின் கதை. நாடெங்கும் புண்களுக்குத் துணி அனுப்பும் ஊர்ப்பக்கம் இது.

அதே ஊர்ப்பக்கத்தைத்தான் 2010இல் செய்தித்தாள்கள் வேறொரு காரணத்துக்காக எழுதின. விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதை ஒட்டிய ஒருவர், தன் குடும்பத்தார் தன்னை முடித்துவிடப் பேசிக்கொண்டதையும், நிலத்தைப் பங்கு வைப்பது பற்றிப் பேசியதையும் கேட்டு, உறவினர் வீட்டுக்கு ஓடித் தஞ்சமடைந்தார் என்பது செய்தி. தலைக்கூத்தல் என்ற சொல் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தலைக்கு ஊற்றுதல் என்பதன் பேச்சு வடிவம் அது. விடியலில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவார்கள், இளநீர் குடிக்கத் தருவார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் பிரியும். வேறு முறைகளும் உண்டு, அவற்றை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. உறவினருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பும் வழக்கமும் இருந்தது. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதைப் பற்றிப் பின்னர் திரைப்படங்கள் வந்தன. ப்ரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. மதுமிதாவின் 'கே.டி.' 2019இல் வந்தது; தப்பியோடும் கிழவரை வைத்து அது சிரிக்கவும் வைத்தது. 'தலைக்கூத்தல்' என்ற பெயரிலேயே 2023இல் ஒரு படம் வந்தது. மூன்றிலும் நல்ல தருணங்கள் இருக்கின்றன. ஆனால் கொடுமை அல்லது கருணை என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே பேச்சு சுற்றிச் சுற்றி வந்ததாக எனக்குப் படுகிறது. எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கு முந்தைய ஆறு மாதங்களில் என்ன கிடைத்தது? வலிக்கு மாத்திரை இருந்ததா? முதுகைப் புரட்டிப் பார்க்க யாராவது வந்தார்களா? தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுப் பட்டறைக்கும் நூற்பாலைக்கும் விடிகாலையில் போய் இருட்டிய பின் திரும்பும் வீட்டில், பகலில் மலஜலம் எடுக்க யார் இருந்தார்கள்? இப்படிக் கேட்பது கொலையை நியாயப்படுத்துவது ஆகாது. அதற்கு முன் நிகழ்ந்த கைவிடலையும் கணக்கில் எடுத்துக்கொள்வது, அவ்வளவே.

அந்த 2010ஆம் ஆண்டிலேயேதான் சிங்கப்பூரின் லியன் அறக்கட்டளை கேட்டுக்கொண்டதன் பேரில், எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 'மரணத்தின் தரம்' என்றொரு பட்டியலை வெளியிட்டது. நாற்பது நாடுகள். பிரிட்டன் முதலிடம். இந்தியா நாற்பதாவது. 2015இல் எண்பது நாடுகளை வரிசைப்படுத்தியபோது நாம் அறுபத்தேழாவது இடத்தில் இருந்தோம். இத்தகைய பட்டியல்களை நான் அளவுக்கு மீறி நம்புகிறவன் அல்ல. ஆனால் அந்த முதல் அறிக்கை கேரளத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசியது: நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவிகிதமே கொண்ட மாநிலம், வலி தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம்.

அங்கே என்ன நடந்தது என்பது தெரிந்த வரலாறுதான். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவரான எம்.ஆர். ராஜகோபாலும், சுரேஷ் குமாரும் நண்பர்களுமாக 1993இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்தான் உலகுக்கெல்லாம் முன்மாதிரி. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான மும்பையின் சாந்தி அவேத்னா சதன் 1986இல் அந்த வழியில் வந்தது. கட்டடம், படுக்கைகள், பயிற்சி பெற்ற செவிலியர். கோழிக்கோட்டுக்காரர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். நோயாளி படுக்கைக்கு வர வேண்டாம், படுக்கை இருக்கும் வீட்டுக்கு நாம் போவோம் என்றார்கள். பத்தாண்டுகளுக்குள் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனவே ஒரு கொள்கையை அறிவித்தது.

வீடு தேடிப் போனாலும் பையில் மார்பின் இல்லாவிட்டால் பயனில்லை. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே படிநிலை வகுத்தது. நம் நாடோ அதற்கு முந்தைய ஆண்டுதான் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. பல உரிமங்கள், பல துறைகள், சின்னத் தவறுக்கும் சிறை. மருந்துக் கடைக்காரர்கள் கைகழுவினார்கள். சட்டபூர்வமாக அபின் பயிரிட்டு உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டில் சொந்த நோயாளி அலறிச் செத்தார். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசிய மருந்துகளுக்கு வழி எளிதாக்கப்பட்டது. ஆகவே ஒரு நிலையம் நல்லதா என்று என்னிடம் யாராவது கேட்டால், வரவேற்பறையின் பூச்செடியையும் புத்தர் படத்தையும் விட்டுவிட்டு, மார்பின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி எடுக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி.

மதிப்பிடுதல் என்பதே இங்கே சிக்கலான காரியம். அவேடிஸ் டொனபீடியன் 1966இல் மருத்துவத் தரத்தை அளக்க மூன்று கோணங்களை முன்வைத்தார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன விளைந்தது. பிரசவ விடுதிக்கும் கண் மருத்துவமனைக்கும் மூன்றாவது கோணம் கைகொடுக்கும். சாகப்போகிறவர்களுக்கான இடத்தில் விளைவு எல்லோருக்கும் ஒன்றே. அதனால் வலி பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று நோயாளியையே கேட்டுக் குறிக்கும் முறைகள் வந்தன. 1991இல் எட்மன்டனில் உருவான படிவம் வலியோடு குமட்டல், மனத்தளர்ச்சி போன்றவற்றையும் கேட்டது. ஆனால் கடைசி வாரத்தில் பெரும்பாலோரால் பேச முடிவதில்லை. ஆழ்வார் சொன்ன அந்தத் திறவாத வாய்தான். அப்போது படிவத்தை நிரப்புகிறவர்கள் சுற்றியிருப்பவர்கள். இறந்தபின் திருப்தியா என்று கேட்கப்படுகிறவர்களும் அவர்களே. தலைக்கூத்தல் நடந்த வீட்டில் போய் அதே கேள்வியைக் கேட்டால், நல்லபடியாக வழியனுப்பினோம், சொந்தபந்தமெல்லாம் வந்தார்கள், கஷ்டப்படாமல் போய்விட்டார் என்றுதானே பதில் வரும்? உறவினரின் திருப்தியை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த வீட்டுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவோம்.

படிவத்தை நம்பிக் கெட்ட கதை முதலிடத்து பிரிட்டனிலும் உண்டு. லிவர்பூலில் 1990களின் இறுதியில் ஒரு மருத்துவமனையும் ஹாஸ்பிஸும் சேர்ந்து, ஹாஸ்பிஸில் கிடைக்கும் கவனிப்பைச் சாதாரண வார்டுக்கும் கொண்டுவர ஒரு நெறிமுறை வகுத்தார்கள். எண்ணம் உயர்ந்தது. நாடெங்கும் பரவிற்று, அதை நடைமுறைப்படுத்திய மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகையும் வந்தது. வார்டுகளில் அது கட்டம் நிரப்பும் வேலையாகச் சுருங்கியது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று குடும்பங்கள் முறையிட்டன. ஜூலியா நியூபர்கர் தலைமையிலான குழு 2013இல் அதைக் கைவிடச் சொன்னது. இங்கே தண்ணீரை ஊற்றி, அங்கே தண்ணீரை நிறுத்தி. இரண்டு இடத்திலும் கிடந்தவரைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியபோது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டன. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் அந்தச் செவிலியரின் வருகைகளை எண்ணுவது எளிது, அரசு எண்ணும். அவர் போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தாரா, வீட்டாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கிழவியிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினாரா என்பதையும் எண்ணத் தொடங்கினால் நல்லது. கேட்பது செவிலியர்மேல் குறை சொல்ல அல்ல. அதற்கு நேரம் கொடுக்கப்பட வேண்டும் என்பதற்காக.

பெரியாழ்வாருக்கே திரும்புகிறேன். அதே நான்காம் பத்தின் பத்தாம் திருமொழியில் அவர் அரங்கனிடம் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார். தளர்ச்சி வந்து நலிகிற அந்த நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறேன் என்பது அதன் சாரம். வாயுள்ளபோதே வாய்போகும் காலத்துக்காகச் சொல்லிவைப்பது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீளமுடியாத நிலையில் எனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு சாட்சிகளோடு நீதித்துறை நடுவரின் கையொப்பமும் தேவை என்றிருந்ததால் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2023 ஜனவரியில் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று தளர்த்தினார்கள். இதற்கும் தலைக்கூத்தலுக்கும் உள்ள தூரம், சொன்னவர் யார் என்பதில் இருக்கிறது. ஒன்றில் கிடப்பவர் சொல்லியிருக்கிறார். மற்றதில் கூடத்தில் இருப்பவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள்.

ஆழ்வாருக்குச் சாட்சியாக அரங்கன் இருந்தான். சத்திரப்பட்டியில் நாற்பது வருடம் தறி ஓட்டிக் கண் மங்கிப்போன ஒரு கிழவர் நோட்டரியைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பஸ் ஏறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒரு வெள்ளைத் தாளோடு அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அவர் சொல்லக்கூடும். பேசுவதற்கு அவருக்கு நிறைய இருக்கும், காது கொடுக்க ஆள் இருந்தால்.