எந்திரமும் ஆசிரியரும்: மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தற்கருவிகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மொழி கற்பித்தலில் பல்லூடகத்தின் பங்கு குறித்து எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியே பேசுகின்றன. வரவிருக்கும் கருவி வகுப்பறையை எவ்வாறு மாற்றும் என்பதே அவற்றின் வினாவாக அமைகின்றது. வந்துபோன கருவிகள் வகுப்பறையை எந்த அளவிற்கு மாற்றின என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளை மையமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ஆங்கிலம் மூன்றாம் மொழியாகும். தமிழ் பயிற்றுமொழி, மலாய் தேசிய மொழி, அவ்விரண்டின் பின்னரே ஆங்கிலம் வருகின்றது. 1983ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின்படி, தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. ஆங்கிலம் கற்பித்தற்கென இந்நாட்டிற்கு வந்த ஒவ்வொரு கருவியையும் மதிப்பிடும்பொழுது இந்நிலையை நாம் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

உலகப் பின்னணி

எந்திரத்தின் துணையால் மொழி கற்கும் முயற்சி கணினியோடு தோன்றியதன்று. 1901ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பெற்ற லிங்குவாபோன் நிறுவனம், பதிவு செய்யப்பட்ட குரலைக்கொண்டு மொழிப்பாடங்களை விற்பனை செய்தது. 1943ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வானொலிவழி ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. 1957ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதால் அதிர்ச்சியுற்ற அமெரிக்கா, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு அயல்மொழிக் கல்விக்கும் அச்சட்டம் நிதி வழங்கியது. அதன் பயனாக அமெரிக்கப் பள்ளிகளில் மொழிக்கூடங்கள் பெருகின. தடுப்புகளால் பிரிக்கப்பட்ட இருக்கை, காதொலிக்கருவி, ஒலிநாடா, கேட்டுத் திரும்பச் சொல்லும் பயிற்சி என்பன அக்கூடங்களின் அடையாளங்களாயின.

1963ஆம் ஆண்டு கீட்டிங் என்பார் வெளியிட்ட ஆய்வு, மொழிக்கூடத்தைப் பயன்படுத்திய மாணவர் பயன்படுத்தாத மாணவரைவிடப் பொதுவாக மேம்பட்டிருக்கவில்லை எனக் கூறியது. அவ்வாய்வின் முறை குறித்துக் கடுமையான கண்டனங்கள் எழுந்தன. எனினும், சில ஆண்டுகளுக்குப்பின் பென்சில்வேனியா மாநிலத்தில் விரிவாக மேற்கொள்ளப்பட்ட ஆய்வும் மொழிக்கூடத்தின் தனிப்பயனை நிறுவ இயலாது போயிற்று. கருவியை வாங்கும் விரைவு, அதனைக் கையாளும் முறையை வகுக்கும் விரைவினும் மிகுதியாக இருந்தமையை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

வானொலி, தொலைக்காட்சிக் காலம்

மலேசியாவில் 1970ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பயிற்றுமொழிப் பள்ளிகள் மலாய்மொழிக்கு மாற்றப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் இம்மாற்றம் இடைநிலைக்கல்வி முழுவதையும் எட்டியது. ஆங்கிலம் பயிற்றுமொழி என்னும் நிலையினின்று ஒரு பாடம் என்னும் நிலையை அடைந்தது. வகுப்பறையில் ஆங்கிலம் காதில் விழும் நேரம் சுருங்கிய அக்காலப்பகுதியிலேயே, 1972ஆம் ஆண்டு, கல்வித் தொலைக்காட்சிச் சேவை தொடங்கப்பட்டது. பள்ளி வானொலி அதற்கு முன்னரே செயற்பட்டு வந்தது.

இவ்வொலிபரப்புகளின் சிறப்பு, நல்ல உச்சரிப்பை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தமையாகும். அவற்றின் குறை, நேர அட்டவணை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் நேரமும் பாடவேளையும் பொருந்தினாலன்றிப் பயன் இல்லை. தோட்டப்புறச் சிறுபள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்தும் சூழலில் இப்பொருத்தம் எளிதாக அமைவதன்று. மேலும், திரையில் தோன்றுபவர் வினா எழுப்புவார். விடை சரியா தவறா என்பதை அவரால் அறிய இயலாது. அதனை அறிந்து திருத்தும் பொறுப்பு வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடமே எஞ்சியது.

விவேகப் பள்ளியும் 2003ஆம் ஆண்டுத் திட்டமும்

1996ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு கூறாக விவேகப் பள்ளித் திட்டம் உருவாயிற்று. 1999ஆம் ஆண்டு 87 பள்ளிகளில் அது முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கற்பித்தல் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன.

தமிழ்ப்பள்ளிகளை நேரடியாகத் தொட்ட மாற்றம், அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டமாகும். 2002ஆம் ஆண்டு முடிவுசெய்யப்பட்ட இத்திட்டம், 2003ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றில் ஒருங்கே தொடங்கியது. முடிவுக்கும் தொடக்கத்திற்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. அறிவியல் அறிவோடு ஆங்கிலத் திறனையும் வளர்ப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. தமிழ்வழி கற்று, தமிழ்வழி கற்பித்துப் பழகிய ஆசிரியர்கள் ஆங்கிலத்திற்கு மாற வேண்டியவராயினர். அவர்கட்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. மடிக்கணினி, படவீழ்த்தி, பாடக் குறுவட்டு ஆகியன வழங்கப்பட்டன. ஆசிரியரின் மொழிக்குறையைக் குறுவட்டின் குரல் நிறைவு செய்யும் என்பதே இவ்வேற்பாட்டின் உள்ளார்ந்த எதிர்பார்ப்பு எனலாம்.

2005ஆம் ஆண்டில் நாம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றினோம். மூன்றாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் காந்தம் பற்றிய பாடம். இருபது ஆண்டுகளுக்குமேல் பணிபுரிந்த மூத்த ஆசிரியர் ஒருவர் குறுவட்டை இயக்கினார். திரையில் காந்தம் ஆணியை இழுத்தது; ஆங்கிலக் குரல் தெளிவாக விளக்கியது; மாணவர் ஒருமித்துத் திரும்பச் சொல்லினர். அப்பொழுது ஒரு மாணவன் தன் சட்டைப்பையிலிருந்து பத்துக் காசு நாணயத்தை எடுத்துக் காந்தத்தருகே வைத்தான். அது அசையவில்லை. “சார், இதுவும் இரும்பு மாதிரிதானே இருக்கு, ஏன் ஒட்டல?” என்று தமிழில் கேட்டான். குறுவட்டிடம் அதற்கு விடை இல்லை. ஆசிரியர் கதவுப்பக்கம் ஒருமுறை நோக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லா உலோகமும் இரும்பன்று என்பதைத் தமிழில் விளக்கினார். பின்னர் அதனையே எளிய ஆங்கில வாக்கியமாக்கிக் கரும்பலகையில் எழுதினார். அவ்வகுப்பு அன்று பொருளுணர்ந்து கற்ற ஆங்கில வாக்கியம் அதுவே என்பது எம் கருத்து.

அவ்வாசிரியர் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது என்னும் வினா இன்றளவும் எம்மை விட்டகலவில்லை. கற்பித்தலின் மிகச்சிறந்த கணம், செய்யக்கூடாத ஒன்றைச் செய்வதுபோல் நிகழ்ந்தது. தாய்மொழி, ஆங்கிலத்திற்கு இட்டுச்செல்லும் பாலமாக அன்றித் தடையாகக் கருதப்பட்டமையே அதற்குக் காரணமாகும்.

2009ஆம் ஆண்டு இத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, தமிழ்ப்பள்ளிகளில் அவ்விரு பாடங்களும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. திட்டம் முற்றிலும் பயனற்றது என உரைப்பது நேர்மையாகாது. கணினியைத் தொட்டறியாத பல ஆசிரியர்கள் அக்காலத்தில்தான் அதனைக் கையாளக் கற்றனர். ஆங்கிலத்தில் கற்பிப்பதைப் பெற்றோருள் ஒரு சாரார் விரும்பினர் என்பதும் மறுத்தற்கரியது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தில் சில தமிழ்ப்பள்ளிகள் இணைந்தபொழுது எழுந்த விவாதம், இவ்விருப்பமும் அச்சமும் ஒருசேர நிலைபெற்றிருப்பதைக் காட்டுகின்றது.

இணையக் காலம்

2011ஆம் ஆண்டிற்குப்பின் நாடு முழுவதுமுள்ள ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைத்து, மெய்நிகர் கற்றல் தளம் ஒன்றை வழங்கும் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தளத்தின் பயன்பாடு மிகக்குறைவாக இருந்ததைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டு அத்தளம் கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. தந்தையின் ஒரே தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட இல்லங்களில், கருவியின் பயன் என்பது குடும்பத்தின் பொருளியல் நிலையே என்பது வெளிப்படையாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, கருவி சிறந்த குரலைத் தரும். மாணவனின் எதிர்பாராத வினாவை எதிர்கொள்ளும் பொறுப்பு ஆசிரியரையே சாரும். இரண்டு, திறன்மிக்க ஆசிரியரிடம் கருவி வளம் சேர்க்கின்றது. ஆசிரியரின் குறையை ஈடுசெய்யக் கொண்டுவரப்படும்பொழுது அக்குறையையே பெரிதாக்கிக் காட்டுகின்றது. மூன்று, மூன்றாம் மொழியைக் கற்கும் குழந்தைக்கு முதல்மொழியின் துணை இன்றியமையாதது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவரோடு உரையாடவும் வல்லனவாய் வந்துள்ளன. முந்தைய கருவிகளால் இயலாதிருந்த விடையிறுத்தல் இவற்றிற்கு ஓரளவு இயலும். ஆயினும் அவ்விடை, அச்சிறுவன் கேட்ட மொழியில், அவன் கையிலிருந்த நாணயத்தைக் கண்டு சொல்லப்படுமா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. கருவிக்கு ஒதுக்கப்படும் நிதியோடு ஆசிரியரின் மொழிப்பயிற்சிக்கும் நிதியும் காலமும் ஒதுக்கப்பட வேண்டும். தமிழில் விளக்கி ஆங்கிலத்திற்கு அழைத்துச்செல்லும் ஆசிரியர் இனியேனும் குரலைத் தாழ்த்த வேண்டிய நிலை நேராதிருத்தல் வேண்டும்.