ஜனாஸா கடந்து சென்ற வீதி

2018 அக்டோபர் 27, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ யூத ஆலயத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பொன்றை இணையத்தில் வசைபாடிய பின்னரே கொலையாளி ஆலயத்துள் நுழைந்தான்.

அக்டோபர் 30 அன்று அதிபர் ட்ரம்ப் அங்கு வந்தார். முதல் அடக்கங்கள் நடந்ததும் அன்றுதான். அடக்கங்கள் முடியட்டும் என நகர மேயர் முன்னரே வேண்டியிருந்தார். ஆலயத்தின் ரப்பி அதிபரை வரவேற்றார். ஆயினும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்புத் தெரிவித்து வீதியில் திரண்டனர். புகலிடம் தேடி வருவோரைப் படையெடுப்பாளர் என்று சித்திரித்த பேச்சே வெறுப்புக்கு நீர் வார்த்தது என்பது அவர்களின் குமுறல். எனினும் அவர்கள் வன்முறையை நாடவில்லை. பிரார்த்தனைப் பாடல்களுடன் நடந்தனர்.

அமெரிக்க முஸ்லிம்களோ, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் அடக்கச் செலவுக்கும் காயமுற்றோரின் சிகிச்சைக்கும் நிதி திரட்டினர். அத்தொகை 2 லட்சம் டாலரைக் கடந்தது.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரே எனத் தோழர்களுக்கு உணர்த்தினார்கள். அநீதியான சொல்லைக் கண்டு சினம் கொள்வது ஈமானுக்கு முரணன்று. ஆனால் அச்சினம் அண்டை வீட்டாரின் துயரில் தோள் கொடுக்கும்போதே நிறைவு பெறுகிறது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போம்.