பங்காரு வாய்க்காலும் இரண்டு சர்க்காரும்

நம் பாகூர் ஏரி நிரம்ப வேண்டுமானால் தென்பெண்ணைத் தண்ணீர் வர வேண்டும். அது பிரிகிற சொர்ணாவூர் அணைக்கட்டோ, பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிலீஷ்காரன் எல்லையில், தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. தலைமடை அங்கே, கடைமடை இங்கே, நடுவே பங்காரு வாய்க்கால். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் பொருளைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பது ஊர்க் கதை. உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார்.

மழை பொய்த்த வருஷத்தில் மேலே உள்ளவர்கள் மண்ணையும் தழையையும் போட்டு வாய்க்காலை அடைத்தால், கீழே உள்ளவர் யாரிடம் போய் முறையிடுவார்? அந்தப் பக்கத்துப் போலீசும் கோர்ட்டும் வேறு கொடியின் கீழ். ஆகவே மண்வெட்டித் தகராறு ராஜாங்கத் தகராறாயிற்று. 1910-இல் பிரெஞ்சு அரசும் சென்னை மாகாண அரசும் தண்ணீருக்காகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

எல்லைக்கு உள்ளே நடந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏரிகளைப் பார்த்துக்கொள்ள 'சிண்டிகா அக்ரிகோல்' என்ற விவசாயிகள் சங்கம் இருந்தது. அதற்குப் பணம் வைக்க 'கேஸ் கொம்யூன்'. பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும், பொதுப் பணப்பெட்டி என்று அர்த்தம். ஏரிப் பாசனக்காரர்கள் பணம் கட்டினார்கள். அதில்தான் கரை பலப்பட்டது, வாய்க்கால் தூர் எடுக்கப்பட்டது, மதகு திறந்து மூடுகிற ஆளுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. காசு கட்டியவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு; பக்கத்து ஊர்க்காரனோடு உட்கார்ந்து முறை பேசவும் இடமுண்டு. பெரிய மிராசுகளின் கைதான் ஓங்கியிருந்தது, அதை மறைப்பானேன். ஆனாலும் பேச ஓர் இடம் இருந்தது.

1962-க்குப் பிறகு அந்த வேலை மெல்ல மெல்ல அரசு இலாகாக்களின் கைக்குப் போயிற்று. நானும் சர்க்கார் கோப்பு கட்டியவன்தான். கோப்பு கரையைக் காக்காது என்பது எனக்குத் தெரியும். கூடவே ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்தன. போர் வைத்திருப்பவருக்கு ஏரி எதற்கு? கரும்பு வந்தது, கூட்டம் கூடுவது நின்றது, ஊருக்கு ஊர் மல்லுக்கட்டுவதும் குறைந்தது. சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை பூமிக்கு அடியில் போயிற்று. ஆழம் போட்டவர் கிணற்றில் தண்ணீர், பக்கத்தில் இருப்பவர் கிணற்றில் காற்று. கடலோரத்தில் உப்பும் ஏறியது.

தமிழ்நாடும் புதுச்சேரியும் 2007-இல் மறுபடி உடன்படிக்கை போட்டன. இன்றும் போர் போட வசதியில்லாத கடைமடைக்காரர் சொர்ணாவூர்ப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.