மூச்சை யார் அளந்தார்கள்?

என் பெரியம்மா படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். பிறவியிலேயே முதுகு வளைந்திருந்தது. காலையில் தலைவலியோடு எழுவார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். “சோம்பேறி” என்றார்கள். மாலையானால் கால் வீங்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐம்பது வயதுக்குள் இறந்துபோனார். வீட்டில் அதற்கு ‘இழுப்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

முதுகெலும்பு வளைவின் மருத்துவ வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தத் தலைவலியும் தூக்கமும் வீக்கமும் ஒரே கதை என்பது எனக்குப் புரிந்தது.

கரு உருவான முதல் சில வாரங்களிலேயே முள்ளெலும்புகளுக்கான அமைப்பு வந்துவிடுகிறது. அதில் ஒன்று பாதியாக நின்றுபோனாலோ, விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, குழந்தை வளர வளர முதுகு கோணலாம், மார்புக்கூடு குறுகலாம். நுரையீரலின் காற்றறைகள் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் பெருகுபவை. கூடு சிறுத்தால் அவற்றுக்கு வளர இடமில்லை. மூச்சுக் குறைவு முதலில் தூக்கத்தில்தான் தொடங்கும். கரியமில வாயு தேங்குவதால் காலையில் தலைவலி, பகலில் உறக்கம். ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. அப்போதுதான் கால் வீங்குகிறது.

மருத்துவம் நெடுங்காலம் எதைப் பார்த்தது? 1877இல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேயர், நோயாளியைத் தலையிலும் அக்குளிலும் வார் கட்டித் தொங்கவிட்டு, உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் பூசும் முறையைப் படங்களோடு புத்தகமாக்கினார். மேலாடையின்றித் தொங்கும் பெண்ணும் அருகில் மருத்துவரும் நிற்கும் படம் அதில் உண்டு. 1948இல் ஜான் காப், எக்ஸ்ரேயில் வளைவின் கோணத்தை அளக்கும் முறையை விளக்கினார். அது பயனுள்ள அளவுதான். ஆனால் ஒரு பெண் படியேறும்போது எத்தனை முறை நிற்கிறாள் என்பதை அந்தக் கோணம் சொல்லாது.

1968இல் ஸ்வீடனிலிருந்து இரண்டு நீண்டகால ஆய்வுகள் வெளிவந்தன. சிகிச்சை பெறாதவர்களின் இறப்பு, மற்றவர்களைவிட இருமடங்கு என்றன. அவற்றில் ஒன்று, பெண்களில் 76 சதவீதம் பேர் மணமாகாதவர்கள் என்றும் பதிவு செய்தது. எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சை ஆய்விதழில் படித்ததுபோல் இருந்தது எனக்கு.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அக்காலத்து ஆய்வுகளில் பிறவி வளைவு, போலியோவால் வந்த வளைவு, பருவ வயதில் வரும் வளைவு எல்லாம் கலந்து கிடந்தன. பருவ வயது வளைவு பெரிதாகும் ஆபத்து பெண் பிள்ளைகளுக்கே அதிகம். ஆகவே லேசான வளைவுள்ள பெண்ணும் இதயம் செயலிழந்து சாவாள் என்ற அச்சம் பரவியது. 1992இல் மற்றொரு ஸ்வீடிஷ் ஆய்வு, இறப்பு கூடுவது சிறு வயதிலேயே வளைவு தொடங்கியவர்களிடம்தான் என்று பிரித்துக் காட்டியது. 2003இல் அமெரிக்காவின் அயோவாவில் ஸ்டூவர்ட் வெயின்ஸ்டீன் குழு, பருவ வயது வளைவோடு சிகிச்சையின்றி வாழ்ந்த 117 பேரின் ஐம்பதாண்டுக் கதையை வெளியிட்டது. முதுகுவலி கூடுதல், பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள்.

உண்மையான ஆபத்து இருந்த குழந்தைகளுக்கோ, முதுகை நிமிர்த்துவதே இலக்காக இருந்தது. சிறு வயதிலேயே எலும்புகளை இணைத்துவிட்டால் வளைவு நிற்கும். அதோடு மார்பின் வளர்ச்சியும் நிற்கும். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராபர்ட் கேம்பல் 1987இல் கேள்வியை மாற்றினார்: இந்த மார்புக்குள் நுரையீரல் வளர இடம் இருக்கிறதா? அவர் உருவாக்கிய, வளர வளர நீட்டிக்கொள்ளும் டைட்டானிய விலாவுக்கு 2004இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

நமக்கும் அந்தக் கேள்விதான் வேண்டும். “இவளை யார் கட்டுவார்கள், பிள்ளை பெறுவாளா” என்று கேட்பவர்களிடம், ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தாயிற்றா, இதய எக்கோ எடுத்தாயிற்றா, இரவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திருப்பிக் கேட்போம். கருத்தரிப்பு ஆபத்தா என்பதையும் அந்த அளவுகளைக் கொண்டுதான் சொல்ல முடியும். இரவில் முகமூடி வழியே மூச்சுக்குத் துணைநிற்கும் கருவி இன்று இருக்கிறது.

பெரியம்மா சோம்பேறி இல்லை. இரவெல்லாம் மூச்சுக்காக உழைத்த பெண் அவர்.