அரிசியா, பணமா? தாது வருஷப் பஞ்சம் சொல்லித் தரும் கணக்கு



"ரேஷன் அரிசிக்குப் பதிலாக அந்தப் பணத்தை ஏழைகளின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் என்ன? கடத்தல் இருக்காது, எடை குறையாது, வரிசையில் நிற்க வேண்டாம்." இந்தக் கேள்வி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிறது. பழைய மாணவர்களும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. வரலாறு நடத்தியவன் என்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போய் வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1876-இல் மழை பொய்த்தது. தமிழ் ஆண்டு தாது. நம் பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொன்னது இதைத்தான். 1878 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள். வயலில் வேலை இல்லை, அதனால் கூலி இல்லை. அதே நேரத்தில் தானிய விலை ஏறிக்கொண்டே போனது. ரயில் வந்துவிட்ட காலம் அது. வெளியிலிருந்து தானியம் வந்து இறங்கத்தான் செய்தது. கையில் காசில்லாதவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. சந்தையில் உணவு இருக்கும்போதே வாங்கும் சக்தி இல்லாமல் மக்கள் சாகலாம் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் வேறு பஞ்சங்களை வைத்து விளக்கினார். அது தாது வருஷத்துக்கும் பொருந்தும்.

அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. சாலை போடுவது, ஏரி வெட்டுவது, கால்வாய் தோண்டுவது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் அப்படித் தோண்டப்பட்டதுதான். வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கஞ்சி. வேலை செய்தவர்களுக்குக் கூலி காசாகத்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் காசின் கணக்கு தானியத்தில் இருந்தது: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தானியம், அதை வாங்கும் காசு இவ்வளவு, அதற்கு மேல் மற்றச் செலவுக்குச் சில்லறை.

இங்கேதான் சர் ரிச்சர்ட் டெம்பிள் வருகிறார். 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏராளமான அரிசியை வரவழைத்தவர் அவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் செலவு அதிகம் என்று அவருக்குக் கண்டனம்தான் கிடைத்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அவரை மதராஸுக்கு அனுப்பினார். இந்த முறை அவர் கையை இறுக்கிப் பிடித்தார். ஒரு ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறு சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். வெயிலில் மண் சுமப்பவனுக்கு ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். பிறகு மதராஸ் அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது.

பிள்ளைகளே, ஒன்றைக் கவனியுங்கள். தானியமா காசா என்பது அல்ல அன்றைய சண்டை. எத்தனை பவுண்டு என்பதுதான் சண்டை.

பஞ்சம் முடிந்ததும் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் அமைந்து 1880-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. கூலியைத் தானிய அளவில் நிர்ணயித்து, அன்றைய சந்தை விலைக்கு ஏற்பக் காசாகக் கொடுப்பது அதன் முறை. விலை ஏறினால் கூலிக் காசும் ஏறும். கருமித்தனமான அரசுதான். ஆனாலும் காசு கொடுத்தால் அதைத் தானிய விலையோடு கட்டிப்போட வேண்டும் என்பது அதற்கே புரிந்திருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1995-இல் மத்திய அரசு முதியோர் உதவித்தொகையை மாதம் 75 ரூபாயாகத் தொடங்கியது. பிறகு அது 200 ரூபாய் ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக அதே 200-இல் நிற்கிறது. (தமிழகத்தில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கூடுதலாகத் தருகிறது.) இந்த உதவித்தொகை கிடைக்காத முதியோருக்காக 2000-இல் அன்னபூர்ணா திட்டம் வந்தது. மாதம் 10 கிலோ தானியம் இலவசம்.

பத்து கிலோ என்றால் விலை என்ன ஆனாலும் பத்து கிலோதான். 200 ரூபாய் அப்படியல்ல. தானியமாகக் கொடுத்தால் விலையேற்றத்தை அரசு சுமக்கிறது. பணமாகக் கொடுத்தால் அதைச் சுமப்பது கிழவியின் தலை. பத்து கிலோவை ஐந்தாகக் குறைக்க வேண்டுமானால் ஓர் அரசாணை வேண்டும், பத்திரிகையில் செய்தி வரும், மக்கள் கேள்வி கேட்பார்கள். 200 ரூபாய் பாதியாகத் தேய்வதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

வங்கதேசத்திலும் இது நடந்தது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க 1993-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் வீட்டுக்கு மாதம் 15 கிலோ கோதுமை, ஒன்றுக்கு மேல் வந்தால் 20 கிலோ. 2002-இல் அதைப் பணமாக மாற்றினார்கள்: 100 டாக்கா, 125 டாக்கா. கோதுமை வழியில் களவு போகிறது என்பது ஒரு காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் தொகை பல ஆண்டுகள் அப்படியே நின்றுவிட்டது.

அதே நாட்டில் மிக ஏழைக் குடும்பங்களிடம் உணவு உதவியையும் பண உதவியையும் ஒப்பிட்டுப் பார்த்தது சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. மிக ஏழைகள் தானியத்தை விரும்பினார்கள். வருமானம் கூடக்கூடப் பணத்தின் மேல் விருப்பம் கூடியது. இன்னொன்று, சோறு உண்ணும் அந்த நாட்டில் ஆண்கள் அவ்வளவாக விரும்பாத கோதுமை மாவு வந்தபோது, பெண்களின் தட்டுக்குக் கூடுதல் உணவு போனது. எதைக் கொடுக்கிறோம் என்பது வீட்டுக்குள் யார் சாப்பிடுகிறார்கள் என்பதையும் மாற்றுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போடத் தொடங்கினார்கள். அரசுக் கணக்கில் பணம் போய்விட்டது. ஆனால் ஆரம்பத்தில் பலருக்குப் பணம் வந்ததே தெரியவில்லை. அரிசியா பணமா என்று முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த மோதல் உயர் நீதிமன்றம் வரை போனது. பணமே தொடர்ந்தது. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி மூடிக்கிடந்த ரேஷன் கடைகளை மீண்டும் திறந்து அரிசி கொடுத்தார்கள்.

அப்படியானால் பணம் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மருந்துச் சீட்டை அரிசி கொடுத்து வாங்க முடியாது. பஸ் டிக்கெட்டும் வட்டிக் கடனும் அப்படித்தான். கடை பக்கத்தில் இருந்து, விலை நிலையாக இருந்து, கணக்கு பெண் பெயரில் இருந்தால் பணம் பெரிய உதவி. வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவனுக்கும் அதுதான் வசதி. தமிழ்நாட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. ஒன்று வயிற்றுக்கு, மற்றது கைச்செலவுக்கு. ஒன்றை நிறுத்தி மற்றதைக் கொடுப்பது வேறு. இரண்டையும் கொடுப்பது வேறு.

ஆகவே, அடுத்த முறை "பணமாகக் கொடுத்துவிடலாமே" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தப் பணத்துக்கு இன்று எத்தனை கிலோ அரிசி வரும்? விலை ஏறினால் தொகையும் தானாக ஏறும் என்று விதி உண்டா? பணம் வரத் தவறினால் அந்த மாதம் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பணம் கொடுக்கட்டும். இல்லையென்றால் அரிசி மூட்டையில் கை வைக்க வேண்டாம்.

உங்களில் சிலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள், சிலர் வங்கியில் இருக்கிறீர்கள். கிராமத்தில் நேரில் பார்த்ததை எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், வகுப்பில் எப்போதும் அதற்கு இடம் உண்டு.